நாங்கள் இல்லாத ஒரு நாள்

நானும் என் கணவரும் ஒரே வண்டியில் போவதில்லை. கல்யாண வீட்டுக்கு அவர் பைக்கில் போனால் நான் டவுன் பஸ்ஸில் போவேன். சென்னைக்கு அவர் இன்றைய ரயிலில் கிளம்பினால் நான் மறுநாள் ரயிலில் கிளம்புவேன். ஆரம்பத்தில் சொந்தக்காரர்கள் எங்களுக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏளா, அவன் குடிக்கானா? மறைக்காம சொல்லு” என்றுகூடக் கேட்டாள். இல்லை சித்தி, அவருக்கு டீதான் கூடுதல் என்றேன். அவள் நம்பவில்லை.

காரணம் எங்கள் மகள். வயது இருபதைத் தாண்டிவிட்டது, மனம் நாலு வயதில் நிற்கிறது. குளிப்பாட்ட வேண்டும், தலை வார வேண்டும், மாதாமாதம் வருவதையும் நாங்கள்தான் பார்க்க வேண்டும். இதையெல்லாம் யாருக்காவது சொல்லிக்கொடுத்துவிடலாம். சோறுதான் சிக்கல். என் கையால் அல்லது அவள் அப்பா கையால் ஊட்டினால் மட்டும் வாயைத் திறப்பாள். வேறு யார் தட்டோடு வந்தாலும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். பசித்தாலும் அப்படித்தான். அவளுக்குச் சோறு போக இந்த உலகத்தில் இரண்டே வழிகள் இருந்தன, இரண்டும் ஒரே விபத்தில் அடைபட்டுப் போகக்கூடியவை.

என் வேலையைச் சொன்னால்தான் நான் ஏன் இப்படி யோசிக்கிறேன் என்று புரியும். தூத்துக்குடிக்கு வெளியே, எட்டயபுரம் போகும் வழியில், ஜன்னல் இல்லாத ஒரு கட்டிடம் இருக்கிறது. உள்ளே அலமாரி அலமாரியாக சர்வர்கள். உங்கள் பேங்க் கணக்கும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் பேரன் பேத்தி போட்டோவும் எங்கோ ஆகாயத்தில் மிதப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவையெல்லாம் இப்படிப்பட்ட கட்டிடங்களில்தான், காது அடைக்கிற இரைச்சலுக்கும் குளிர்காற்றுக்கும் நடுவில் கிடக்கின்றன. எங்கள் கம்பெனிக்குப் பெரிய ஊர்களில் பெரிய கட்டிடங்கள் உண்டு. இது சின்னது. இங்கே கரண்டு நிற்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அனல்மின் நிலையம் இருக்கிற ஊரில் கரண்டு எப்படி நிற்கும் என்று கேட்பவர்கள் ஒரு கோடைகாலம் எங்கள் தெருவில் வாடகைக்குக் குடியிருந்து பார்க்கட்டும்.

நல்ல மெஷினாக வாங்கிப் போட்டால் கெடாது என்று நம்புகிறவருக்கு இந்தத் தொழிலில் இடமில்லை. எல்லாமே ஒருநாள் கெடும். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே கெடும். அதை ஒப்புக்கொண்டு, ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும்படி அடுக்கி வைப்பதுதான் வேலை. ஒவ்வொரு சர்வரின் முதுகிலும் இரண்டு வயர்கள். இரண்டும் வேறு வேறு பாதையில் வேறு வேறு பேட்டரிகளுக்குப் போகும். ஜெனரேட்டர் எழும்பும்வரை பேட்டரி தாங்கும். கட்டிடமே போய்விட்டால்? அதே விவரத்தின் நகல் இன்னொரு கட்டிடத்தில் இருக்கும். அந்தக் கட்டிடம் ஒரே வெள்ளத்தில் இரண்டும் மூழ்கிவிடாத அளவுக்குத் தள்ளியும் இருக்க வேண்டும், விவரம் கண் மூடித் திறப்பதற்குள் போய்ச்சேரும் அளவுக்குக் கிட்டத்திலும் இருக்க வேண்டும். அந்தத் தூரம் எவ்வளவு என்று முடிவு செய்யவே பெரிய பெரிய தலைகள் உட்கார்ந்து யோசிக்கின்றன.

ஆபீசில் ஒரு விதி உண்டு. மெயின் சுவிட்ச் அறையை முழுசாகத் தெரிந்த இரண்டு பேர் ஒரே வேனில் போகக் கூடாது. முதல்முறை கேட்டபோது நான் சிரித்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவர் அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. அந்த வாரத்திலிருந்துதான் தனித்தனி பஸ்.

அவர் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் இருக்கிறார். அதிகம் பேசாத மனிதர், ஆனால் பேசினால் குத்துவார். “ஏழேழு ஜென்மத்துக்கும் கூட வாரேன்னு மாலை மாத்துன. இப்ப திருச்செந்தூருக்குக்கூட கூட வர மாட்டேங்குத” என்பார். சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விடுவார். விதியை அவரும் மீறியதில்லை.

இத்தனை சாமர்த்தியமும் ஒரு கொசுவிடம் தோற்றது. ஒரு மழைக்காலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் டெங்கு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா மகளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். தங்கமான மனுஷி. இட்லி, தோசை, பிஸ்கட், பால் என்று எதை எதையோ நீட்டிப் பார்த்திருக்கிறார். இவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் அழாத குறையாக அவளை ஆட்டோவில் ஏற்றி நேராக என் வார்டுக்கே கொண்டுவந்துவிட்டார். இடது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. வலது கையால் தயிர்சாதத்தைப் பிசைந்து ஊட்டினேன். கட்டிலோரம் தலையைச் சாய்த்துக்கொண்டு அவ்வளவையும் சாப்பிட்டாள். கை நடுங்கிப் போர்வையெல்லாம் சோறு. நர்ஸ் திட்டினார். பக்கத்து வார்டில் அவர் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தார். எனக்கு அன்று வந்த நடுக்கத்தில் காய்ச்சல் பாதிதான்.

அதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன்பு ஆபீசில் ஒன்று நடந்திருந்தது. இரண்டு வேறு கம்பெனிகளிடம் இரண்டு நெட் கேபிள் வாங்கியிருந்தோம், ஒன்று அறுந்தால் மற்றது இருக்கட்டும் என்று. பைபாஸ் பக்கம் வாய்க்கால் தோண்டிய ஜேசிபி ஒரே இழுப்பில் இரண்டையும் அறுத்தது. தோண்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே குழியில் போயிருக்கின்றன. அன்றைக்கு அந்தக் கம்பெனிக்காரர்களை நான் கேட்ட கேள்வி கொஞ்சநஞ்சமில்லை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அதையே என்னிடம் கேட்டுக்கொண்டேன். பஸ்ஸைப் பிரித்தாயே, வீட்டைப் பிரித்தாயா? ஒரே கூரை, ஒரே தண்ணீர், ஒரே கொசு.

வீட்டுக்கு வந்ததும் ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். ஆறுதல் சொல்பவர்களை எனக்குப் பொதுவாகவே ஆகாது. “கடவுள் பார்த்துக்குவாரு” என்றார் ஒருவர். பார்த்துக்குவார் சார், ஊட்டுவாரா என்று கேட்டுவிட்டேன். அவர் அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. விடுதிகளையும் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர்கள்தான் நடத்துகிறார்கள். ஆனால் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வேளையும் ஊட்ட அவர்களிடம் ஆள் இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை.

மூன்றாவதாக ஒரு கை வேண்டும், அது வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அவருடைய அக்கா வேம்பாரில் இருக்கிறார். எனக்கு மதினி. வீட்டின் முன் அறையிலேயே மளிகைக் கடை. உப்பளத்துக்குப் போகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும்தான் வாடிக்கை. புருஷன் காலமான பிறகு தனி ஆளாகக் கடையை நடத்துகிறார். நான் போய் விஷயத்தைச் சொன்னதும் மதினி உடனே சரி என்று சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்கு இன்னும் பிடித்தது.

“ஏளா, செய்ய மாட்டேன்னு சொல்லல. என் கையில அவ சாப்பிடலைன்னா நான் என்ன செய்வேன்? ஒரு பொட்டப்புள்ளையப் பட்டினி போட்ட பாவம் எனக்கு எதுக்கு?”

“சாப்பிடுதாளான்னு பழக்கிப் பாப்போம் மதினி.”

“எனக்கும் வயசாவுதுல்லா. நான் எம்புட்டு நாளைக்கு?”

“யாரும் சாஸ்வதம் இல்ல மதினி. அதனாலதான் ரெண்டு பத்தாது, மூணு வேணுங்கேன். உங்களுக்கு அப்புறம் நாலாவதா யாருன்னும் தேடத்தான் செய்வேன்.”

“உனக்கு இருக்க தைரியம் எனக்கு இல்ல, தாயி” என்றார் மதினி. தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிறேன் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் வேம்பார்தான். நானும் மகளும் பஸ்ஸில் போவோம். அவர் பைக்கில் பின்னால் வருவார். முதலில் மதினி பக்கத்தில் உட்கார மட்டும் செய்தார். பிறகு சோற்றைப் பிசைந்து கொடுத்தார், நான் ஊட்டினேன். சில மாதங்களில் நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மதினி ஊட்டி, அவள் வாங்கிக்கொண்டாள். மதினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், “எம் மருமவ என் கையில சாப்பிடுதா” என்று சொன்னார். என் கணவருக்கும் சந்தோஷம்.

நான்தான் திருப்திப்படவில்லை. எங்கள் கட்டிடத்தின் ஜெனரேட்டரைக் குறித்த நாளில் ஓட்டிப் பார்ப்போம். சாவியைத் திருப்பினால் ஓடும். புகை இல்லை, சத்தம் சீராக இருக்கும். எல்லோரும் சரி என்பார்கள். ஆனால் அது சும்மா ஓடுகிற ஓட்டம். அதன் தலையில் லோடு, அதாவது கட்டிடத்தின் முழு மின்சுமை, ஏற்றினால்தான் வண்டவாளம் தெரியும். சும்மா ஓடும்போது தங்கம்போல் ஓடி, லோடு ஏறியதும் நின்றுபோன ஜெனரேட்டரை நானே பார்த்திருக்கிறேன். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை வெளிக் கரண்டை நாங்களே வேண்டுமென்றே அறுப்போம். அறுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். நடுவில் யாரும் எதையும் தொடக் கூடாது. ஜெனரேட்டர் லோடை வாங்கும்வரை அந்த அறையில் ஒருவரும் மூச்சு விடமாட்டோம்.

வேம்பாரில் நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது சும்மா ஓட்டிப் பார்த்ததுதான். நான் எழுந்து போனால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து போனேன். மத்தியானச் சாப்பாடு மதினி கையால், நான் இல்லாமல், சாயங்காலம் நான் வந்து கூட்டிப்போவது என்று பேசி வைத்திருந்தோம். அவர் பைக்கில் முன்னாலேயே கிளம்பிவிட்டார். நான் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். மதினி வீட்டிலிருந்து அது கூப்பிடு தூரம். அதுதான் தப்பாகப் போனது. அவளுடைய அலறல் தெருவைத் தாண்டி வந்தது. என் மகளின் அழுகை சாதாரண அழுகை இல்லை, கன்றைப் பசுவிடமிருந்து பிடுங்கினாற்போல இருக்கும். பஸ் வந்தது. கதவுக்கம்பியைப் பிடித்தேன். ஏறவில்லை, திரும்பி ஓடினேன்.

என்னைப் பார்த்ததும் அழுகை நின்றது. வாயை ஆவென்று திறந்து காட்டினாள். மதினி சோற்றுத் தட்டோடு சுவரோரம் நின்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்று வீட்டில் அவர் என்னிடம் கோபப்பட்டார். அவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. “உங்க ஆபீஸ்ல சோதனை நடக்கும்போது எவனாவது பாதியில சுவிட்சப் போட்டா நீ சும்மா விடுவியாளா?”

“மெஷின் அழாதுல்லா” என்றேன்.

அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஆனால் அவர் சொன்னது சரி என்று அடுத்த வாரமே தெரிந்தது. அலறினால் அம்மா வருவாள் என்று மகள் படித்துக்கொண்டாள். அதற்கப்புறம் வேம்பாரில் நான் தண்ணீர் குடிக்க எழுந்தாலே அலறினாள். மதினி கையால் வாங்கிக்கொண்டிருந்ததும் நின்றது. பல மாதப் பழக்கம் ஒரு ஓட்டத்தில் போயிற்று. மறுபடி முதலிலிருந்து, பக்கத்தில் உட்காருவதிலிருந்து ஆரம்பித்தோம். மதினி ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மழையும் வெயிலும் ஒரு சுற்று வந்து, மகள் மறுபடி மதினி கையால் வாங்கிக்கொள்ள ஆரம்பித்தபிறகு என் கணவரே பேச்சை எடுத்தார். “இந்தத் தடவ ஒரு ராத்திரி முழுசும். நாம ரெண்டு பேரும் கிளம்பிருவோம். ஒரே பஸ்ல.”

“ஒரே பஸ்லயா?”

“நீ தனியாப் போனா பாதி வழியில குளத்தூர்ல இறங்கித் திரும்பிருவ. நான் பக்கத்துல இருந்தாத்தான் போவ. சோதனைன்னா என்ன அர்த்தம்? நாம ரெண்டு பேரும் இல்லன்னுதான? அப்புறம் ஒரே பஸ்ல போனா என்ன, ஓட்டைப் படகுல போனா என்ன?”

இந்த மனிதருக்கு என் வேலையைக் கொடுத்திருந்தால் என்னைவிட ஒழுங்காகப் பார்த்திருப்பார்.

எப்போது நிறுத்துவது என்பதை ஆரம்பிக்கும் முன்பே பேசி வைக்க வேண்டும், அதுவும் எங்கள் தொழிலின் பழக்கம். காய்ச்சல் வந்தால் மதினி கூப்பிட வேண்டும். மறுநாள் காலை வரை எதுவுமே உள்ளே போகாவிட்டால் கூப்பிட வேண்டும். அழுதால் கூப்பிடக் கூடாது. கடைசி விஷயத்தைச் சொல்லும்போது மதினியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. “சரிளா. நீ போ. இங்கன நான் இருக்கேன்லா” என்றார்.

மகள் கடைக்குள் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சருகை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கவனம் அதில் இருந்தபோது பின்வாசல் வழியாக வெளியே வந்தோம். இந்தமுறை அந்த ஸ்டாப்பில் நிற்கவில்லை. அடுத்த ஸ்டாப் வரை வெயிலில் நடந்தோம். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எத்தனையோ வருஷம் கழித்து அவர் தோள் என் தோளில் இடித்தது, எனக்குப் புது ஆள் பக்கத்தில் உட்கார்ந்ததுபோலக் கூச்சமாக இருந்தது. உப்பளம் தாண்டுவதற்குள் அவர் தூங்கிவிட்டார். முந்தின நாள் ராத்திரி ஷிப்ட். நான் போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்று பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். டிவியைப் போட்டு அணைத்தேன். அவள் படுக்கிற பாயைத் தட்டி வைத்தேன், வேறு வேலை இல்லை. போன் அடிக்கவே இல்லை. போன் அடிக்காவிட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், இதை ஆபீசில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று அதை என்னால் நம்ப முடியவில்லை. மதினிக்கே ஏதாவது ஆகியிருந்தால் யார் கூப்பிடுவார்கள்? அவரிடம் சொன்னேன். “படு” என்றார். அவரும் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். இப்போதும் ஒரே பஸ்தான், பிரித்துப் போக இருவருக்கும் தெம்பில்லை. வேம்பாரில் இறங்கி அவருக்கு முன்னால் வேகமாக நடந்தேன். மதினி கடைக்கு எதிரே உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. அதன் ஓரத்துக்கு வந்ததும் கடையின் உள்பக்கம் தெரிந்தது, நின்றுவிட்டேன்.

மகள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள், ஒரு பக்க முகம் தெரிந்தது. தலை வாரி ரிப்பன் கட்டியிருந்தது. நான் கட்டுகிற மாதிரி இல்லை, ஒரு பக்கம் தூக்கி இருந்தது. மதினி அவள் முன்னால் குத்தவைத்து, இட்லியைப் பிட்டுச் சீனியில் தொட்டு வாயருகே கொண்டுபோனார். அவள் வாயைத் திறந்தாள். மென்றாள். விழுங்கிவிட்டு அடுத்த வாய்க்குத் தானாகவே ஆவென்றாள். கடைக்கு வந்த ஒருவர் தீப்பெட்டி கேட்டார். மதினி எழுந்து எடுத்துக் கொடுக்கும்வரை அவள் வாயைத் திறந்தபடியே பொறுமையாகக் காத்திருந்தாள். அழவில்லை. வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரையும் தேடவில்லை.

எங்கள் சோதனையில் ஜெனரேட்டர் லோடை வாங்கிவிட்டால் எல்லோரும் கை தட்டுவோம், டீயும் வடையும் வரும். எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை. நான் இல்லாமலும் அவள் சாப்பிடுவாளா என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை காலம் பாடுபட்டேன். சாப்பிடுகிறாள் என்று கண்ணால் பார்த்தபோது மதினிமேல் எனக்கு ஒரு கணம் பொறாமை வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஓடிப்போய் அந்தத் தட்டைப் பிடுங்க வேண்டும்போல இருந்தது.

மதினி நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. வா என்று கையைத் தூக்கப் போனார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இன்னும் ஒரு நாள் அவள் இங்கேயே இருக்கட்டும் என்று சைகை காட்டினேன். மதினிக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குத்தவைத்து உட்கார்ந்தார்.

அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். “உள்ள போகலையா?”

“அவ சாப்பிடுதாங்க” என்றேன்.

“பாத்தேன்.”

“நாம இல்லாட்டியும் சாப்பிடுதா.”

“ஆமா” என்றார்.

“அப்ப இனி நாம செத்துப் போலாம்ங்க” என்றேன். வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். தெருவில் வைத்து அவர் என்னைத் தொட்டதே இல்லை, அன்று லாரி மறைவில் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கடைக்குள் மகள் ஏதோ கேட்டுச் சிணுங்கும் சத்தமும், மதினி அவளுக்குப் பதில் சொல்லும் சத்தமும் கேட்டன. நாங்கள் உள்ளே போகவில்லை.